பத்தாயச் சாவி யார் இடுப்பில்?

"பத்தாயச் சாவி மருமகன் இடுப்பிலே, உலக்கை மட்டும் நம்ம கையிலே" என்று எங்கள் ஆச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பத்தாயம் என்றால் நெல் போட்டுவைக்கும் மரப்பெட்டி. அவள் அம்மா காலத்துக் குடும்பக் கணக்கு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. இங்குள்ள வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி நடந்தது. குடும்பச் சொத்தை ஆள்பவர் காரணவர். அவர் பெற்ற பிள்ளைகளுக்கு அது போகாது. உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போகும். அவர் இருக்கும்வரை மனைவி மக்களுக்குச் சோறு உண்டு. கண்ணை மூடிவிட்டால் உகந்துடைமை என்று ஏதோ ஒரு பங்கு, அதற்கும் வழக்கு. பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்ததும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்த பெண்களின் கதைகளை ஆச்சி நிறையச் சொல்வாள்.

இந்தத் துயரத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதியவர் தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற அவருடைய நூல் முதலில் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்கிறாள். மான்மியம் என்பது தெய்வத்தின் பெருமை பேசும் நூலுக்கு இடும் பெயர். இங்கே பெருமை மருமக்கள் வழிக்கு! படலங்களின் பெயர்களைப் பாருங்கள்: மாமி அரசியற் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பி எரிச்சல் படலம். புராணத்துக்கும் காவியத்துக்கும் உரிய மிடுக்கோடு மாமியாரின் அடுக்களை ஆட்சியும், கோர்ட்டு ஏறி அழிந்த குடும்பமும், காய்ந்த வயிறும் வந்து நிற்கின்றன.

கவிமணியின் சாமர்த்தியமாக நான் நினைப்பது, கதையைப் பாதிக்கப்பட்டவளின் வாயிலேயே வைத்தது. அவள் மேடைப்பேச்சு பேசுவதில்லை. ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, பழமொழியும் வசவுமாக நாஞ்சில் பேச்சில் கொட்டுகிறாள். சண்டைக்கு வந்திருக்க வேண்டிய காரணவர்களும் முதலில் சிரித்திருப்பார்கள். சிரித்த பிறகு, "இது நம்ம வீட்டுக் கதைல்லா!" என்று உறைக்காமல் இருக்குமா? வசைபாடியிருந்தால் அவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். கேட்பவன் காதைத் திறந்து வைத்துக்கொள்ளும்படி குறையைச் சொல்வது பெரிய வித்தை. நம் வீடுகளில் பாதிச் சண்டை, அந்த வித்தை தெரியாததால் வருவதுதான்.

பிறகு, இதே வழக்கமுடைய நாயர்களுக்கு 1925-இலும், நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு அடுத்த ஆண்டு 1926-இலும் திருவிதாங்கூரில் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை கிடைத்தது. ஒரு நூல் மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். கூட்டம் போட்டவர்களும் மனு எழுதியவர்களும் உண்டு. ஆனால் மனு அரசாங்கத்துக்குப் போகும். பாட்டு வீட்டுக்குள் வரும். அந்த வேலையைச் செய்ய மான்மியத்தால்தான் முடிந்தது.

என் மனதைத் தொடுகிற விஷயம் இன்னொன்று. புத்தேரி உமையம்மையை மணந்த கவிமணிக்குப் பிள்ளைகள் கிடையாது. பிள்ளைகளின் சொத்துரிமைக்காக இப்படி ஒரு நூல் எழுதியவரும், தமிழ்நாடே பாலர் வகுப்பில் பாடும் பசுவும் கன்றும் பாட்டை எழுதியவரும் அவரே. ஊரார் பிள்ளைகளுக்காக இவ்வளவு மெனக்கெட்ட அந்த மனதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

மான்மியத்தை மனசுக்குள் வாசிக்காதீர்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உரக்க வாசியுங்கள். மாமி அரசியற் படலத்தை முதலில் எடுங்கள். அதை மாமியாரே வாசிக்கட்டும்.