கல்லாவுக்கு இரு பக்கம் - 7: புனித வெள்ளிப் பந்தயம்

ரே கிராக் 1955-ல் தொடங்கிய மெக்டொனால்ட்ஸ் கம்பெனியையும் அந்த 1.9 சதவிகிதக் கணக்கையும் தொடர்ந்து படித்துவருபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரே வரி: அன்றைக்கு பிரான்சைஸ் எடுத்தவர் நூறு டாலருக்கு விற்றால் 1.90 டாலர் கம்பெனிக்கு. அதிலும் 50 சென்ட், அந்தப் பெயரில் முதலில் கடை வைத்த மெக்டொனால்ட் சகோதரர்களுக்கு.

அந்தக் கம்பெனியின் டெல்லி வழக்கு இந்த வாரம் வர வேண்டியது. அதற்குள் ஒரு மீன் குறுக்கே வந்துவிட்டது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், சின்சினாட்டி. அந்த வட்டாரத்தின் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையை 1959-ல் மான்ஃபோர்ட் ஹைட்ஸில் திறந்தவர் லூ குரோயன். சுற்றுப்புறத்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அன்றைய வழக்கப்படி வெள்ளிக்கிழமை அவர்கள் இறைச்சி தொட மாட்டார்கள். மாட்டிறைச்சி பர்கரை நம்பியிருந்த கடை அன்றைக்கு ஈயோட்டும். அதே ஊரில் கொடிகட்டிப் பறந்த ஃபிரிஷ்ஸ் உணவகங்களிலோ மீன் சாண்ட்விச்சுக்குக் கூட்டம் நெரியும். குரோயன் தாமே ஒரு மீன் சாண்ட்விச்சைத் தயார் செய்து, தலைமையகத்துக்கு எடுத்துப் போனார்.

கிராக்குக்குப் பிடிக்கவில்லை. கடையெல்லாம் மீன் வாடை அடிக்கும் என்பது அவர் கவலை. அதோடு அவரிடமே ஒரு யோசனை இருந்தது: பன்னுக்கு நடுவே அன்னாசித் துண்டும் சீஸும். பெயர், ஹூலா பர்கர். இறைச்சி இல்லை, வாடையும் இல்லை. கடைசியில் பந்தயம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். 1962 புனித வெள்ளியன்று இரண்டும் விற்பனைக்கு வந்தன. மாலையில் கணக்குப் பார்த்தால் மீன் 350. முதலாளியின் அன்னாசி 6.

ஆறு! அந்த ஆறு பேர் யாரோ, மறுபடி அந்தக் கடைப் பக்கம் வந்தார்களோ, வரலாறு குறித்துவைக்கவில்லை. ஹூலா பர்கர் அத்தோடு போயிற்று. குரோயனின் மீன் சாண்ட்விச், ஃபிலே-ஓ-ஃபிஷ் என்ற பெயரில் 1965-ல் நாடு முழுக்கப் போனது. அடுத்த ஆண்டே அமெரிக்க ஆயர்கள் வெள்ளிக்கிழமை விரதத்தைத் தவக்காலம் நீங்கலாகத் தளர்த்திவிட்டார்கள். மீனுக்குக் காரணமாயிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது, மீன் நிலைத்துவிட்டது. குரோயனும் பிற்பாடு 40-க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்தார்.

ஒரு கிளைக்காரர் நிறுவனரோடு மோதி ஜெயிக்க முடிந்தது எப்படி? கிராக்கின் பெருந்தன்மையால் மட்டும் அல்ல. அந்தக் காலத்து பிரான்சைஸ் கம்பெனிகள் பல, கிளைக்காரர்களுக்கு இயந்திரமும் சரக்கும் விலையேற்றி விற்றே பிழைத்தன. கடை ஓடினாலும் படுத்தாலும் கம்பெனிக்கு லாபம். கிராக் சரக்கில் கமிஷன் வைக்கவில்லை. விற்பனையில் சதவிகிதம்தான் வருமானம் என்றால், வெள்ளிக்கிழமை காலியாகக் கிடக்கும் கடை அவருக்கும் நஷ்டம். அன்னாசிமேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் 350-ஐ மறுக்க முடியாது.

ராபர்ட் மார்கன், ஷெல்பி ஹன்ட் என்ற இரு பேராசிரியர்கள் 1994-ல் இத்தகைய வியாபார உறவுக்கு ஒரு சட்டகமே போட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது உணவகங்களை அல்ல, டயர் கடைக்காரர்களுக்கும் அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கும் உள்ள உறவை. நம்பிக்கையும் ஈடுபாடும் இருந்தால் ஒத்துழைப்பு கூடும் என்பது எதிர்பார்த்ததுதான். இன்னொன்றும் சொன்னார்கள்: நம்பிக்கை உள்ள இடத்தில் வரும் கருத்து மோதல் உறவை முறிப்பதற்குப் பதில் பயன் தருவதாக மாறுகிறது. சின்சினாட்டி மீன் அதற்கு அச்சு அசலான உதாரணம்.

பென்சில்வேனியாவில் இன்னொரு கிளைக்காரரான ஜிம் டெலிகாட்டியின் கதையும் இதன் பங்காளிதான். இரண்டடுக்கு பர்கர் போட அவருக்கு ஒரே ஒரு கடையில், வழக்கமான பன்னைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அந்த பன்னுக்குள் அடக்க முடியாமல் நடுத்துண்டு வைத்த பெரிய பன்னை அவராகவே வரவழைத்துக்கொண்டார். 1967-ல் யூனியன்டவுனில் 45 சென்ட்டுக்கு வந்த அந்த பிக் மேக், மறு ஆண்டே நாடு முழுக்கப் பரவியது. கண்டுபிடித்ததற்கென்று ராயல்டி எதுவும் அவருக்கு வரவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிலத்தை விட்டுவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். கிராக்கின் நிதி மூளையான ஹாரி சோனபோர்ன் 1956-லேயே வேறொரு கயிறு திரித்திருந்தார். கடை நிற்கும் இடத்தைக் கம்பெனி நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கும். அதையே கிளைக்காரருக்கு உள்வாடகைக்கு விடும். கூட்டிவைத்த வாடகை அல்லது விற்பனையில் 5 சதவிகிதம், எது அதிகமோ அது. கம்பெனிக்குப் பணம் கொட்டியது இதில்தான். விதியை மீறினால் பிரான்சைஸோடு இடமும் போகும். குரோயனும் டெலிகாட்டியும் வாதாடியது இந்தக் கயிறு கழுத்தில் இருக்கும்போதுதான்.

டெல்லியில் நிலைமை வேறு. அங்கே 1995-ல் விக்ரம் பக்ஷியும் மெக்டொனால்ட்ஸும் ஆளுக்குப் பாதி என்று கூட்டு சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வசந்த் விஹாரில் முதல் கடை. 2013 ஆகஸ்டில் பக்ஷி நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். 2017-ல் 169 கடைகளின் உரிமத்தைக் கம்பெனி ரத்து செய்தது. கெடு முடிந்த பிறகும் பல கடைகள் அதே பெயர்ப்பலகையோடு பர்கர் விற்றுக்கொண்டிருந்தன. எந்தத் துணிச்சலில் என்பது அடுத்த வாரம். இன்னொரு மீன் குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)