செங்கோலா, ராஜாவின் தடியா?

புது தில்லி: மக்களவைத் தலைவரின் இருக்கையருகே 2023 மே 28 அன்று நிறுவப்பட்ட செங்கோலை அகற்றிவிட்டு, அங்கு அரசியல் சாசனத்தை வைக்க வேண்டும் என 2024 ஜூனில் கோரினார் சமாஜவாதி எம்.பி. ஆர்.கே. சௌத்ரி. செங்கோல் என்றால் 'ராஜாவின் தடி' என்றார் அவர்.

இந்தியில் அப்படித்தான் ஒலிக்கும். அங்கு வழங்கும் சொல் 'ராஜதண்ட்'. சமஸ்கிருத 'தண்ட'த்துக்குக் கோல், தண்டனை என இரு பொருளும் உண்டு. ஆங்கில 'செப்டர்', கிரேக்கத்தில் ஊன்றுகோலாகப் பிறந்தது.

தமிழிலோ அழுத்தம் கோலின் மீதன்று, 'செம்மை'யின் மீது. செம்மையென்றால் நேர்மை, வளையாமை. வளைந்தால் அது கொடுங்கோல். குறளில் 55-வது அதிகாரம் செங்கோன்மை, அடுத்ததே கொடுங்கோன்மை. ஆள்பவனை அளக்கும் அந்த அடைமொழிதான் 'தடி' என்ற மொழிபெயர்ப்பில் விடுபட்டது. ஆயினும், மன்னராட்சியின் சின்னம் மக்களாட்சியின் அவையில் எதற்கு என்ற சௌத்ரியின் ஆட்சேபத்துக்கு இது பதிலாகாது.