ஒரே இறைச்சி, இரண்டு மூக்கு

ஒரே பொருளை முகர்ந்து ஒருவர் முகம் சுளிக்க, பக்கத்தில் இருப்பவர் வாசனையே வரவில்லை என்கிறாரே, யார் சொல்வது உண்மை என்று வாசகி ஒருவர் எழுதியிருந்தார். இருவர் சொல்வதும் உண்மைதான். அதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சாட்சி ஓஆர்7டி4 என்ற புரதம்.

நம் மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று இது. இதற்கான மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பன்றியின் உமிழ்நீரிலும் கொழுப்பிலும் சேரும் ஆண்ட்ரோஸ்டெனோனை இது உணர்கிறது. ஹிரோவாகி மட்சுனாமி, லெஸ்லி வோஸ்ஹால் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2007இல் வேறு 64 மணப்பொருள்களையும் இதனிடம் கொடுத்துப் பார்த்தது. ஒன்றுக்கும் அது அசையவில்லை. ஆண்ட்ரோஸ்டெனோனுக்கும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு ஸ்டீராய்டுக்கும் மட்டுமே மசிந்தது. அந்தப் பிடிவாதம்தான் என்னை இதன்பால் இழுத்தது.

முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. பலருக்கு அதன் 88ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோபனும், 133ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் மெத்தியோனினும் வந்துவிடுகின்றன. அவ்வளவுதான், ஏற்பி ஏறக்குறைய செயலிழக்கிறது. மாறாத வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஆண்ட்ரோஸ்டெனோன் பெரும்பாலும் மூத்திர நெடியாக அடிக்கும். மற்றவர்களில் சிலருக்கு வெனிலா போல இனிக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மட்டும் ஊமை. பாட்டு எப்போதும்போல ஓடும், அந்தச் சுரம் வரும்போது மட்டும் காற்றுதான் வரும். அப்படித்தான் இதுவும். மற்ற மணங்களெல்லாம் துல்லியமாகத் தெரிவதால், ஒன்று விடுபட்டிருப்பது அவருக்கே தெரியாது.

இந்த நெடிக்காக ஐரோப்பாவில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஆண் பன்றிக்குட்டிகளைக் காயடிக்கிறார்கள், பல நாடுகளில் மயக்க மருந்துகூட இல்லாமல். விட்டால் வளர்ந்தபின் இறைச்சி நாறுமாம். நாறும்தான், உணரக்கூடிய மூக்கு உள்ளவர்களுக்கு. பிறந்து சில நாளே ஆன குட்டி அதற்காக வலியில் அலற வேண்டுமா? மயக்கம் கொடுக்காமல் செய்யக்கூடாது என்ற தடை ஜெர்மனியில் 2021இல்தான் அமலுக்கு வந்தது. கத்தியே வேண்டாம், ஊசி போட்டே விரைகளின் ஹார்மோன் சுரப்பை அடக்கலாம். அந்தத் தடுப்பூசி வெகுகாலமாகவே விற்பனையில் இருக்கிறது. பண்ணைக்காரர்களும் இறைச்சி வாங்குபவர்களும் இன்னும் அதற்குத் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.