பவள வணிகரின் உயில்கள்: பழைய சென்னையின் யூதக் குடும்பங்களைத் தேடும் வழி

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள மேல்பட்டாம்பாக்கம், தமிழக லுத்தரன் திருச்சபை வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊராகும். லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த கார்ல் ஓக்ஸ் ஐயர் 1860களில் இங்குதான் பெத்தானியா என்னும் பணித்தளத்தை நிறுவி, டேனிஷ் மிஷனின் பணிக்கு அடிகோலினார். இத்தகைய பழைய சபைகளில் பணிபுரியும் ஆயர்களுக்கு, தம் முன்னோரைப் பற்றி வினவி வரும் கடிதங்கள் புதியன அல்ல. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஆனால் தேடப்படுபவர் யூதராயின் என் செய்வது? திருமுழுக்குப் பெறாதவருக்குத் திருச்சபைப் பதிவேட்டில் இடமில்லை. நம் ஏடுகள் வாய்திறவாத இடத்தில் நீதிமன்ற ஏடுகள் பேசுகின்றன என்பதையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன், ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ ஆகிய நகரங்களிலிருந்து போர்த்துகீசிய வழிவந்த யூத வணிகர் சிலர் சென்னைக்கு வந்தனர். மத்தியதரைக் கடற்பவளமும் வெள்ளியும் இங்கு வந்தன. கோல்கொண்டா வைரம் இங்கிருந்து சென்றது. சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள பவளக்காரத் தெரு இவ்வணிகத்தின் நினைவைத் தன் பெயரில் இன்றும் தாங்கி நிற்கிறது. ஜாக் டி பைவா, பர்த்தலோமியு ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, ஆல்வாரோ ட ஃபொன்சேகா ஆகியோர் முதல் தலைமுறையில் குறிப்பிடத்தக்கவர்கள். 1687 டிசம்பர் 30ஆம் நாளிட்ட பட்டயத்தின்படி அமைந்த சென்னை மாநகராட்சி, 1688 செப்டம்பர் 29 அன்று தன் பணியைத் தொடங்கியது. அதன் பன்னிரு ஆல்டர்மன் இடங்களுள் மூன்று எபிரெய வணிகருக்கு உரியனவாயின. மேயரும் ஆல்டர்மன்களுமே மேயர் நீதிமன்றமாகவும் அமர்ந்தனர். ஆகவே இந்நகரில் யூதர் வழக்காடுவோராக மட்டுமின்றி நீதி வழங்கும் இருக்கையிலும் இடம் பெற்றனர். இலண்டன் மாநகரிலோ ஒரு யூதர் ஆல்டர்மனாக அமர 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சகிப்புத்தன்மையைவிட வைர வணிகத்தின் தேவையே இதற்குப் பெரிதும் காரணம் என்பது நம் கருத்து.

இனி ஆவணங்களுக்கு வருவோம். 1726ஆம் ஆண்டுப் பட்டயம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களின் மேயர் நீதிமன்றங்களுக்கும், உயிலை மெய்ப்பித்துப் ‘புரோபேட்’ வழங்கவும், உயிலின்றி இறந்தோரின் சொத்தை நிர்வகிக்க உரிமைப் பத்திரம் அளிக்கவும் அதிகாரம் தந்தது. அதற்கு முற்பட்ட காலத்துக்கு ஆளுநர் மன்றத்தின் ஆலோசனைக் குறிப்பேடுகளையே பெரிதும் நாட வேண்டும். மேயர் நீதிமன்றத்தின் பணி 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றத்துக்கும், 1801இல் சுப்ரீம் கோர்ட்டுக்கும், 1862இல் உயர் நீதிமன்றத்துக்கும் சென்றது. இந்த வரிசையை அறியாதவர் ஒரே குடும்பத்தின் தாள்களைத் தவறான அலுவலகத்தில் தேடி ஓய்ந்துபோவர். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே நம் முதல் வாயில். இலண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்தவரின் உயில் 1858 வரை கேன்டர்பரிப் பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கக் கூடும். யூதர் ஒருவரின் இறுதி விருப்பம் ஆங்கிலிக்கன் பேராயரின் பெயரால் மெய்ப்பிக்கப்படும் விந்தையை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘கோர்ட் குறிப்பேடு’ என்று அட்டவணையில் காண்பது நீதிமன்ற ஏடு அன்று. அது இலண்டனில் கூடிய இயக்குநர் அவையின் நடவடிக்கை ஏடு. ஆயினும் அதை ஒதுக்கிவிடலாகாது. பவளம் அனுப்பவும் வைரம் வரவழைக்கவும் யார் இசைவு வேண்டினர் என்பதை அதில் காணலாம். சென்னையில் இறந்தவரின் மைத்துனரோ மருமகனோ இலண்டனில் யார் என்பது பல வேளைகளில் அங்குதான் வெளிப்படும்.

ஒருவர் இறந்ததும் உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் அவருடைய உடைமைகளுக்கு இருப்புப் பட்டியல் எடுப்பார். பின்பு ஏலம் நடைபெறும். வரவு செலவுக் கணக்கு நீதிமன்றத்தில் வைக்கப்படும். உயிலைவிட இந்தப் பட்டியலையே நாம் மிகுதியாக மதிக்கிறோம். உயில், இறப்பவர் தம்மைப் பற்றி உலகம் அறிய வேண்டுமென விரும்பியதைக் கூறுகிறது. பட்டியலோ அவர் வீட்டில் உண்மையில் இருந்ததைக் கூறுகிறது. எபிரெய நூல்கள் இருந்தனவா, ஓய்வுநாள் விளக்கு இருந்ததா, யாருக்கு எவ்வளவு கடன் என்பனவெல்லாம் அதில் தோன்றக் கூடும். ஏலத்தில் பொருளை வாங்கியோர் பெயர்களையும் விடாது படிக்க வேண்டும். இறந்தவரின் வழிபாட்டு நூலை ஒருவர் விலைகொடுத்து வாங்கினால் அவரும் அதே சமூகத்தவராக இருக்கலாம். இது சான்றாகாது, குறிப்பு மட்டுமே. சத்தியப் பிரமாணத்தைக் குறிக்கும் வரியும் உதவும். மோசேயின் ஐந்நூல்கள் மீது, தலையை மூடிக்கொண்டு யூதர் ஆணையிடுவதை ஆங்கில நீதிமன்ற வழக்கம் ஏற்றிருந்தது.

தேடுபவரை மிகவும் இடறச் செய்வது பெயரே. விசாரணை மன்றத்துக்கு அஞ்சிப் போர்த்துகலில் கிறிஸ்தவர்போல் வாழ்ந்த குடும்பங்கள் வணிகத்துக்கு ஒரு பெயரும் தொழுகைக்கூடத்துக்கு வேறொரு பெயரும் கொண்டிருந்தன. ஆல்வாரோ ட ஃபொன்சேகாவே யாக்கோபு ஜெசுருன் ஆல்வாரஸ். பர்த்தலோமியு ரோட்ரிகஸே யாக்கோபு டி செகேரா. இருவரை நால்வராக எண்ணும் பிழை எளிதில் நேரும். மேலும், செபராதி யூதர் தம் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை, அவர் உயிரோடிருக்கும்போதே, இடுவது வழக்கம். எனவே ஒரு பெயர் ஒரு தலைமுறை இடைவிட்டு மீண்டும் வரும். 1752க்கு முன் ஆங்கிலேயரின் சட்ட ஆண்டு மார்ச் 25 அன்றே தொடங்கியது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சனவரியில் இறந்தவர் இன்றைய கணக்கிற்கு ஓராண்டு முந்தி இறந்தவராக ஏட்டில் காணப்படுவார்.

நம் வட்டாரத்துக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையைக் கம்பெனி 1690இல், எலிகு யேல் ஆளுநராக இருந்தபோது, மராத்தியரிடமிருந்து வாங்கியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும் கம்பெனியின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறி 1752 வரை இங்கேயே இருந்தது. சென்னையின் மேயர் நீதிமன்றமும் அத்தோடு அற்றுப்போய், 1753இல் புதிய பட்டயத்தால்தான் மீண்டும் உயிர்பெற்றது. ஆகையால் அந்த ஏழாண்டுகளில் மறைந்த வணிகரின் செய்தியைத் தேடுபவர், சென்னை ஏடுகளில் வெற்றிடத்தைக் கண்டு அக்குடும்பம் அழிந்தது என முடிவு செய்யாமல் தாவீது கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளைப் பார்க்க வேண்டும்.

யேலின் பெயர் வந்தபின் ஹியரோனிமா டி பைவாவைச் சொல்லாதிருக்க இயலாது. அவள் கணவர் ஜாக் டி பைவா சுரங்கப் பகுதிக்குச் சென்று நோயுற்று 1687இல் இறந்தார். பின்னர் அவள் யேலுடன் வாழ்ந்தாள். அவர்களுக்குச் சார்ல்ஸ் என்னும் மகன் பிறந்தான். பழைய நூல்கள் இதனை வம்புச் செய்தியாகவே எழுதின. நாமோ வேறொன்றைக் கவனிக்கிறோம். ஒருத்தியின் வாழ்வு முழுவதும் ஒருவரின் மனைவி, ஒருவரின் துணை, ஒருவரின் தாய் என்னும் மூன்று உறவுகளின் வழியாகவே நமக்கு எட்டுகிறது. விதவையின் சீர்ப்பொருள் பற்றிய வழக்கு எழும்போதுதான் பெண்கள் இவ்வேடுகளில் தம் சொந்தக் குரலில் பேசக் கேட்கிறோம்.

கல்லறைகளை நம்புவோருக்கும் ஒரு சொல். தங்கசாலைத் தெருவையொட்டி இருந்த பழைய யூதக் கல்லறைத் தோட்டம் இப்போது இல்லை. எஞ்சிய கற்களுட் சில இடம் பெயர்ந்து இலாயிட்ஸ் சாலையிலுள்ள சிறு தோட்டத்தை அடைந்தன. கல் நிற்கும் இடம் உடல் கிடக்கும் இடமன்று.

நம் மாணவர்கள் பழைய ஏட்டில் சாலொமோன், ஈசாக்கு, தாவீது எனக் கண்டவுடன் யூதர் என்று துள்ளுவதும், தம் குலத்துக்கு இஸ்ரவேல் வழி தேடுவதும் உண்டு. இப்பெயர்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் இட்டுக்கொண்டனர். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இட்டுக்கொண்டனர். எஸ்றா 2:62இல் தம் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாதவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டதைப் படிக்கிறோம். ஏட்டில் பெயரின்மை அன்று எவ்வளவு கொடிதாயிருந்தது என்று உணர்பவர், இன்று ஏட்டில் இல்லாத பெயரைத் தாமாக எழுதிச் சேர்க்கத் துணியார்.

இருப்புப் பட்டியல்களைத் திறப்பவர் மற்றொன்றையும் காண நேரிடும். அக்காலச் சென்னையில், எந்தச் சமயத்தவராயினும், செல்வர் வீட்டுப் பட்டியல்களில் நாற்காலிக்கும் வெள்ளித் தட்டுக்கும் இடையே அடிமைகளும் வரக்கூடும். ஒற்றைப் பெயர், பெரும்பாலும் உடையவர் இட்ட பெயர், எதிரே ஒரு விலை. வணிகரின் வழித்தோன்றல்கள் கடல் கடந்து தேடி வருகிறார்கள். இவர்களைத் தேடி எவரும் வருவதில்லை. பட்டியலைப் படியெடுக்கும் மாணவர் அந்த வரியையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டுமென்று நாம் கேட்டுக்கொள்கிறோம்.