ஜப்பானியப் பழம்வாள்களின் ஏற்றுமதி

ஜப்பானியப் பழம்வாள்களின் ஏற்றுமதி என்பது ஜப்பானில் பதிவுபெற்ற மரபுவழி வாள்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு அனுப்பும் நடைமுறை ஆகும். இவ்வாள்களுக்கான சான்றிதழ் உரிமையாளருக்கு அன்றி வாளுக்கே வழங்கப்படுகின்றது. எனவே ஆவணம் இல்லாத வாள் எவ்வளவு தொன்மையானதாயினும் அங்கு சட்டத்துக்குப் புறம்பானதே.

பின்னணி

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் 1945 இல் சரணடைந்தபின் பெருமளவு வாள்கள் கைப்பற்றப்பட்டன. பல அழிக்கப்பட்டன, பலவற்றை நேசநாட்டுப் படைவீரர்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுசென்றனர். கலைமதிப்புடைய வாள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இன்றைய பதிவுமுறை அவ்விலக்கிலிருந்து தோன்றியது. 1958 ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் இதனை நெறிப்படுத்துகின்றது.

பதிவுச் சான்றிதழ்

மாவட்டக் கல்விக் குழு வழங்கும் இச்சான்றிதழ் தோரோகுஷோ எனப்படும். இதில் அலகின் நீளம், வளைவு, பிடிக்குள் மறையும் அடிப்பகுதியிலுள்ள துளைகளின் எண்ணிக்கை, பொறிக்கப்பட்ட பெயர் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். வாள் கைமாறினால் புதிய உரிமையாளர் 20 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும்.

ஏற்றுமதி அனுமதி

தேசியச் செல்வங்களும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளும் 1950 ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படுவதால், அவற்றை விற்பனைக்காக வெளியே அனுப்ப இயலாது. ஏனைய வாள்களுக்கு, அவை இவ்வகையின அல்ல என்பதற்கான சான்றினைப் பண்பாட்டு அலுவல்கள் முகமையிடம் பெறுதல் வேண்டும். ஏற்றுமதியின்போது தோரோகுஷோ திருப்பி ஒப்படைக்கப்படும்.

அனுப்புதல்

அலகுக்கு எண்ணெய் பூசி, ஷிராசாயா எனும் அலங்காரமற்ற மர உறையிலிட்டு, நகராதவாறு கட்டி அனுப்புவர். சுங்க வகைப்பாட்டில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருட்கள் 9706 ஆம் தலைப்பிலும், பிற வாள்கள் 9307 ஆம் தலைப்பிலும் அடங்கும். தந்தம், ஆமையோடு ஆகியவற்றாலான பகுதிகள் இருப்பின், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் விதிகளும் பொருந்தும்.

திரும்ப அனுப்புவதிலுள்ள இடர்

வெளிநாட்டிலுள்ள வாளை மெருகேற்றுவதற்காக ஜப்பானுக்கு அனுப்பினால் அது மீண்டும் பதிவு பெறவேண்டும். மரபுமுறையில் அடிக்கப்பட்டுக் கலைமதிப்புடையதாக உள்ள அலகே பதிவுக்குத் தகுதியுடையது. போர்க்காலத்தில் இயந்திரத்தால் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட படைத்துறை வாள்கள் இத்தகுதியைப் பெறுவதில்லை. வெளிநாட்டில் சட்டப்படி வைத்திருந்த, குடும்ப நினைவாகப் பேணப்பட்ட வாளும் இவ்வாறு உரியவரின் கைக்குத் திரும்பாமல் போகக்கூடும். ஆகவே அலகின் வகையை வல்லுநரிடம் உறுதிசெய்தபின் அனுப்புவதே தக்கது.