தறியில் எண்கோணம்

பள்ளிவாசல் தளத்தில் எண்கோண ஓடு பதிப்பவரும் ஆரணித் தறியில் எண்கோணப் புட்டா நெய்பவரும் ஒரே வடிவத்தையே நாடுகின்றனர். முன்னவருக்கு அது முழுமையாகக் கிட்டுகிறது. பின்னவருக்கு ஒருபோதும் கிட்டுவதில்லை. காரணம் கைத்திறனில் இல்லை. ‘ஹந்தஸா’ என்று அரபியர் வழங்கிய வடிவியலில் இருக்கிறது.

பலகோணத்தின் பக்க எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து 180ஆல் பெருக்கினால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். அத்தனை முக்கோணங்களாக அதனைப் பிரிக்க இயலும் என்பதே இதன் அடிப்படை. ஆகவே ஒழுங்கு எண்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 135 பாகை. ஓடுகள் இடைவெளியின்றிப் பொருந்த, ஒரு புள்ளியில் கூடும் கோணங்கள் 360 பாகையாதல் வேண்டும். ஒழுங்கு வடிவங்களுள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றே தனித்து இவ்வாறு தளத்தை நிரப்ப வல்லவை. ஐங்கோணம் மூன்று கூடினால் 36 பாகை வெற்றிடம் எஞ்சும். இரண்டு எண்கோணங்களுக்கிடையே ஒரு சதுரம் அமர்ந்தாலோ கணக்கு நிறைவுறும்.

கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதும் சான்றால் சரியாவதும் ஒன்றல்ல என்பதைக் கைவினைஞர்க்கென்றே நூலெழுதி விளக்கியவர் அபுல் வஃபா அல் பூஸ்ஜானி (கி.பி. 940–998). பாக்தாதில் வடிவியலாளரும் கைவினைஞரும் கூடிய அமர்வுகளில் அவர் கலந்துகொண்டார். சம அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்கும் வழிகள் சிலவற்றைக் கைவினைஞர் கையாண்டு வந்தனர். அவற்றின் பிழையை எடுத்துக்காட்டிய அவர், இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி, நான்கு துண்டுகளையும் மூன்றாவதைச் சுற்றி அடுக்கும் செம்மையான முறையைத் தந்தார். குறை இரு தரப்பிலும் உண்டு என்பது அவர் கருத்து. வடிவியலாளருக்குக் கைப்பழக்கம் இல்லை. கைவினைஞருக்கோ சான்றில் நாட்டமில்லை. நடுநிலையான தீர்ப்புதான்!

தறிக்கு வருவோம். பாவும் ஊடையும் செங்கோணத்திலேயே சந்திக்கின்றன. ஜக்கார்டு தறிக்கான புட்டாவைக் கட்டத்தாளில் வரைவதும் அதனாலேயே. அங்கே சாய்கோடு என்பது உண்மையில் படிக்கட்டுதான். இழை நெருக்கம் இருபுறமும் சமமாயின் சதுரம் பிழையின்றி அமையும். எண்கோணத்தில் கிடைப்பக்கத்திற்கு 7 இழைகளும், சாய்பக்கத்திற்குக் குறுக்கே 5, மேலே 5 இழைகளும் கொள்வோம். முன்னதன் வர்க்கம் 49; பின்னதன் வர்க்கம் 50. இழைகளை 17, 12 எனப் பெருக்கினால் 289, 288. மேலும் பெருக்கி 41, 29 எனக் கொண்டால் 1681, 1682. அந்த ஒன்று மட்டும் நீங்குவதேயில்லை. 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண்ணாதலால், எத்தனை மெல்லிய பட்டிழையும் அதனை எண்ணி முடிக்காது. சிறு புட்டாவில் 7க்கு 5 வைத்தால் பிழை நூற்றில் ஒன்று. முந்தானையின் பெரிய உருவில் 17க்கு 12 வைத்தால் ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு.