அவசர வழி யாருக்கு?

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு எங்கள் குத்துக்கல்வலசைக் குழந்தைகளைக் கூட்டிச் சென்றோம். வாடகைப் பேருந்து, நாற்பத்திரண்டு குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள். ஏறும்போதே இரண்டு தண்ணீர் கேன்களையும், புளியோதரைத் தூக்குகளையும், தட்டு மூட்டையையும் பேருந்தின் கடைசியில் அடுக்கிவிட்டோம். அடுக்கச் சொன்னது நான்தான்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் கடைசி இருக்கையிலிருந்த நான்காம் வகுப்பு மாணவி கேட்டாள்: "டீச்சர், அவசர வழின்னா அவசரமாப் போறவுக எறங்குற வழியா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். முதல் எழுத்தான 'அ' பாதி உரிந்து போயிருந்தது. ஆங்கில எழுத்துகள் மீது திரைத்துணி தொங்கியது. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற குறிப்பு, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும். கதவை அடைத்துக்கொண்டு எங்கள் தண்ணீர் கேன்கள்.

ஆலங்குளத்தில் தேநீருக்கு நின்றபோது ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எஃப்.சி.க்குக் காட்டும்போது ஒட்டுனது டீச்சர். அதுக்கப்புறம் அதை யாரு பாக்கா?" என்றார். கேன்களை இருக்கைகளுக்கு அடியில் தள்ளிவைக்க அவரே உதவியும் செய்தார்.

சில நாள் கழித்து, வெளிநாடுகளில் பேருந்துகளை ஒரு ஸ்டிக்கருக்காகவே திரும்பப் பெறுவார்கள் என்று படித்தேன். எஞ்சினிலோ பிரேக்கிலோ கோளாறு இருந்தால் வண்டியைத் திரும்ப அழைப்பது நமக்குத் தெரியும். அவசரக் கதவின் மேல் எழுத்து இல்லை, அல்லது விதி சொல்லும் அளவில் இல்லை என்பதற்காகவா? முதலில் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. காரணத்தைத் தேடியபோது அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரங்களில் 217ஆம் எண் தரம் பேருந்துகளின் அவசர வழிகளுக்கானது. பள்ளிப் பேருந்தின் ஒவ்வொரு அவசர வழியிலும் அது அவசர வழி என்பதைக் குறைந்தது 5 செ.மீ. உயர எழுத்தில், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில் எழுத வேண்டும் என்கிறது அது. திறக்கும் முறையைச் சொல்லும் குறிப்பு, திறக்கும் பிடியிலிருந்து 16 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் கதவைச் சுற்றி 2.5 செ.மீ. அகலத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒட்ட வேண்டும். இருட்டில் மீட்க வருபவர் கைவிளக்கு அடித்தால் கதவின் நான்கு ஓரமும் பளிச்சிடும். இதில் ஒன்று விடுபட்டாலும் அந்த வண்டி தரத்துக்கு உட்பட்டது ஆகாது. நிறுவனம் உரிமையாளர்களுக்குத் தெரிவித்து, செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். கதவு நன்றாகத் திறக்கிறதே என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.

இவ்வளவு கறாருக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1988 மே 14 இரவு, கென்டக்கி மாநிலம் கரோல்டன் அருகே, பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்தின் மீது, குடித்துவிட்டு எதிர்த்திசையில் வந்த ஒருவரின் வண்டி மோதியது. அது முன்பு பள்ளிப் பேருந்தாக ஓடி, பிறகு ஒரு தேவாலயத்துக்கு விற்கப்பட்டது. உள்ளே 67 பேர், பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். மோதலால் ஒருவரும் இறக்கவில்லை. முன்கதவருகே எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்ததால் அந்த வழி அடைபட்டது. மிஞ்சியது பின்பக்க அவசரக் கதவு ஒன்றுதான். நடைபாதையோ மிகக் குறுகல். அதிலும் கதவருகே ஒரு குளிர்பானப் பெட்டி வழியை மறித்திருந்தது. 27 பேர் தீயிலும் புகையிலும் இறந்தார்கள். பிறகு அந்நாட்டில் அவசர வழிகளுக்கான விதி இறுக்கப்பட்டது. கென்டக்கி மாநிலம் பள்ளிப் பேருந்துக்கு ஒன்பது அவசர வழிகள் கேட்கிறது.

குளிர்பானப் பெட்டி என்று படித்த இடத்தில் என் தண்ணீர் கேன்கள் நினைவுக்கு வந்தன. அன்று மேற்கொண்டு படிக்கவில்லை.

நம் பக்கத்து மாநிலங்களிலும் இது நடந்திருக்கிறது. 2013 அக்டோபர் 30 அதிகாலை, பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் சென்ற சொகுசுப் பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே எரிந்ததில் 45 பேர் இறந்தனர். 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்னூல் அருகே இன்னொரு பேருந்து எரிந்தது. தப்பியவர்களில் பலர் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்கள். இரண்டும் உறக்க நேரம். தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டிலும் புகையிலும் வழி தேடுபவருக்குப் படிக்கக் கிடைப்பது இரண்டு சொற்கள். அவற்றைப் பகலிலேயே ஒரு முறை பார்த்து வைத்திருந்தால்தான் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பேருந்துக் கூடு கட்டுவதற்கான ஏ.ஐ.எஸ்.-052 என்ற தரம் அவசர வழிகளைப் பற்றியும் அவற்றை அடையாளப்படுத்துவது பற்றியும் பேசுகிறது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வண்டியில் உள்ள குறை பயணிகளுக்கோ சாலையில் செல்பவர்களுக்கோ தீங்கு செய்யும் என்றால், அந்த வகை வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு உற்பத்தியாளருக்கு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நிறுவனம் தானே குறையைக் கண்டு முன்வந்து சொல்லவும் இடமுண்டு.

ஆனால் திரும்பப் பெறுதல் என்பது தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறைக்கு. நான் பார்த்த உரிந்த 'அ' அந்தக் கணக்கில் வராது. அது எஃப்.சி. எனும் தகுதிச் சான்று ஆய்வின் பொறுப்பு. எட்டு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு அது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை; அதற்குப் பிறகு ஆண்டுதோறும். இடையில் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள், திரை மாட்டுவார்கள், பாட்டுப் பெட்டி பொருத்துவார்கள். எழுத்து அவற்றுக்குப் பின்னால் போய்விடும்.

தமிழ்நாட்டில், 2012 ஜூலையில் சென்னை அருகே பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளிப் பேருந்துகளுக்கென்றே சிறப்பு விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவசர வழி உட்பட எல்லாவற்றையும் அதிகாரிகள் சோதிப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் வண்டியில் வருவதில்லை. நடந்து வருகிறார்கள், டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, நாங்கள் பிடித்துத் தரும் வாடகை வண்டியில் சுற்றுலா போகிறார்கள். அந்த வண்டி கிளம்பும் காலையில் அதைச் சோதிக்க அங்கே இருப்பவர் நாம்தான்.

இப்போது நான் செய்வது சிறிய வேலை. வண்டி கிளம்புமுன் ஐந்து நிமிடம். அவசர வழி எத்தனை, எங்கே என்று குழந்தைகளையே தேடச் சொல்கிறேன். தமிழில் எழுதியிருந்தால் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அட்டையில் தமிழில் எழுதி ஒட்டிவிடுகிறோம். எழுதுவது மூன்றாம் வகுப்பு, ஏனென்றால் அவர்கள் படிக்கக்கூடியதை எல்லோரும் படிக்கலாம். கைப்பிடியை ஓட்டுநர் ஒரு முறை திறந்து காட்டுகிறார். ஒரு வண்டியில் அது துருப்பிடித்து அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, கதவு திறந்த பிறகே புறப்பட்டோம். அரை மணி நேரம் தாமதம். பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள்.

கண்ணாடி பற்றியும் சொல்கிறேன். பக்கவாட்டுச் சன்னல் கண்ணாடி பொதுவாக வலுவூட்டப்பட்டது. நடுவில் அடித்தால் லேசில் உடையாது. மூலையில், கூர்மையான ஒன்றால் அடித்தால் முழுவதும் சிறு மணிகளாக உதிரும். அதற்குத்தான் சிறு சுத்தியல் வைப்பது. பல வண்டிகளில் சுத்தியல் மாட்டும் கொக்கி மட்டும்தான் மிச்சம். முன்பக்கக் கண்ணாடி வேறு வகை: இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் உண்டு, விரிசல் விடுமே தவிர உதிராது. அதைத் தட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது. அறிவியல் பாடத்தில் இதைச் சொன்னால் பின் வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நிறுத்திய வண்டியில் ஒரு முறை இறங்கிப் பார்த்தோம். எல்லோரும் குதிக்கப் பார்த்தார்கள். கதவின் உயரத்தைக் கண்டு சின்னவர்கள் நின்றுவிட, பின்னால் நெரிசல். அடுத்த முறை, பெரிய பிள்ளைகள் இருவர் முதலில் இறங்கிக் கீழே நின்றார்கள். மற்றவர்கள் விளிம்பில் உட்கார்ந்து சறுக்கினார்கள். பைகளை உள்ளேயே விட்டோம். பாதி நேரம்கூட ஆகவில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது ஐந்தாம் வகுப்பு. சாரல் சீசனில் அம்மாவோடு குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போனாளாம். அவசர வழிச் சன்னலை மறைத்து யாரோ பலாப்பழ மூட்டையை வைத்திருக்க, நடத்துநரிடம் சொல்லியிருக்கிறாள். "உள்ள போ பாப்பா" என்று அவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். ஐந்தருவி விலக்கில் கூட்டம் குறைந்ததும் அவரே வந்து மூட்டையை நகர்த்தினார் என்று திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடியும் முன்பே வந்து சொன்னாள்.